புதுப்பிப்பு: ஹாக்கிக் கோப்பை, என் கணிப்பு என்னாச்சு?

ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை 2023 தொடங்குமுன், "கோப்பை நமக்குத்தான், பாகிஸ்தானைவிட மலேசியாதான் தொல்லை கொடுக்கும்" என்று எழுதியிருந்தேன். காரைக்குடிக்காரனுக்கு ஹாக்கியைப் பத்தி என்ன தெரியும்னு கேட்டவங்க இப்ப வரிசையில வரலாம்!

பாகிஸ்தானை 4-0ன்னு சுருட்டியாச்சு. சென்னை இறுதியாட்டத்துல மலேசியா இடைவேளைக்கே 3-1 முன்னிலை. அப்புறம் ஹர்மன்பிரீத்தும் குர்ஜந்தும் அடுத்தடுத்து அடிக்க, 56-வது நிமிஷத்துல ஆகாஷ்தீப் முடிச்சார்: 4-3.

1980 மாஸ்கோ ஒலிம்பிக் தங்கமும் இதே 4-3தான், ஸ்பெயினுக்கு எதிரா. கேப்டன் நம்ம பாஸ்கரன். முகப்புத் திண்ணையில ரேடியோவைக் காதோட ஒட்டிக் கேட்ட எங்க ஐயாவுக்கு அந்த அணியில ஆடின முகமது ஷாகித்தோட டிரிபிளிங்தான் (பந்தை மட்டையோட ஒட்டியே கொண்டுபோற வித்தை) வேதம். எனக்குத் தன்ராஜ் பிள்ளை. நாலு ஒலிம்பிக் ஆடினவர்; அந்த முடியும் அந்த ஓட்டமும்! இப்ப அப்படி ஒருத்தர் இல்லைங்கிறது என் கட்சி.

அரையிறுதியில ஜப்பானுக்கு எதிரா கோல் அடிச்ச அரியலூர் கார்த்தி செல்வத்துக்கு மட்டும் இன்னும் நிறைய வாய்ப்பு குடுக்கணும்.