ஆரக்கிள் ஸ்கிரிப்டை போஸ்ட்கிரெஸுக்கு மாற்றியதும் நேரம் காணாமல் போகிறது

கேள்வி:
ஆரக்கிள் டேட்டாபேஸின் பழைய இன்சர்ட் ஸ்கிரிப்டுகளை (வரிகளை ஏற்றும் கட்டளைகள்) போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு மாற்றுகிறேன். 'டேட்' ஃபீல்டை அப்படியே 'டேட்' என்றே வைத்தேன். தேதி ஏறுகிறது, மணி நிமிடம் இல்லை. 'சிஸ்டேட் - 1/24' (இப்போதைய நேரத்தில் ஒரு நாளின் 24இல் ஒரு பங்கைக் கழிப்பது) இருந்த இடத்தில் 'கரண்ட்_டேட் - 1/24' போட்டேன். எரரும் வரவில்லை, ஒரு மணி நேரமும் குறையவில்லை. எங்கே தப்பு?

பதில்:
பெயர் ஒன்றுதான், சரக்கு வேறு. ஆரக்கிள் 'டேட்' நொடிவரை வைத்திருக்கும். போஸ்ட்கிரெஸ் 'டேட்' நாளோடு நின்றுவிடும். ஃபீல்டை, தேதியோடு நேரத்தையும் நொடிவரை வைக்கும் 'டைம்ஸ்டாம்ப்(0)' ஆக்குங்கள். அது மட்டும் போதாது. ஸ்கிரிப்டில், எழுத்தைத் தேதியாக மாற்றும் 'டூ_டேட்' இருக்கும்வரை அது நேரத்தை உதறிவிட்டே கொடுக்கும், எல்லாம் 00:00:00 என்று ஏறும். 'டூ_டைம்ஸ்டாம்ப்' என்று மாற்றுங்கள்.

1/24 இரண்டு முழு எண்கள், அதனால் போஸ்ட்கிரெஸில் விடை 0. இன்றைய தேதியில் 0 நாள் கழித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். 'நவ்() - 1/24' என்று எழுதியிருந்தால் எரராவது வந்து காப்பாற்றியிருக்கும். வேண்டியது: நவ்() - இன்டர்வெல் '1 ஹவர்'.

பதில்:
டைம்ஸ்டாம்ப்(0) போடும் முன் ஒன்று. அது நொடியின் பின்னத்தை வெட்டாது, ரவுண்டு செய்யும். 31ஆம் தேதி 23:59:59.6க்கு 'நவ்()' வைத்து ஏற்றிய பதிவு 1ஆம் தேதி 00:00:00 ஆகிவிடும். மாதக் கணக்கு இடிக்கும். 'டேட்_ட்ரங்க்' வைத்து நொடியோடு வெட்டிவிட்டு ஏற்றுங்கள். தவிர, 'நவ்()' என்பது (மொத்தமாகச் சேமிக்கப்படும் கட்டளைத் தொகுப்பான) டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரம். ஒரே தொகுப்பாக அரை மணி ஓடும் பேட்ச்சில் எல்லா வரிக்கும் ஒரே நேரம்தான் விழும். சிஸ்டேட்டுக்கு நெருக்கமானது, ஒவ்வொரு கட்டளைக்கும் அதன் நேரத்தைத் தரும் 'ஸ்டேட்மென்ட்_டைம்ஸ்டாம்ப்()'.

கேள்வி கேட்டவர்:
நேரம் வந்துவிட்டது, நன்றி. ஆனால் '03/04/2021' என்று நேரடியாக எழுதியிருந்த வரிகள் ஏப்ரல் 3க்குப் பதில் மார்ச் 4 ஆகியிருக்கின்றன. '13/04/2021' மட்டும் எரர்.

பதில்:
'டேட்ஸ்டைல்' (தேதியை எந்த வரிசையில் படிப்பது என்ற செட்டிங்) உங்கள் சர்வரில் மாதம் முன்னால் வரும்படி இருக்கிறது. 12ஆம் தேதிவரை சத்தமில்லாமல் தப்பாக ஏறும், 13இல்தான் கத்தும். டேட்ஸ்டைலை மாற்றிச் சமாளிக்காதீர்கள். அடுத்த சர்வரில் மறுபடி இதே கூத்து. ஆரக்கிள் பக்கம் செஷனில், தேதி வெளிவரும் வடிவத்தைச் சொல்லும் 'என்எல்எஸ்_டேட்_ஃபார்மேட்'டை நான்கு இலக்க ஆண்டு, மாதம், நாள், 24 மணி நேரம் என்று வைத்துத் திரும்ப எக்ஸ்போர்ட் செய்யுங்கள்: 2021-04-03 18:05:00.

இரண்டு இலக்க ஆண்டை விட்டுவைக்கவே கூடாது. ஆரக்கிளில் இரண்டு இலக்க ஆண்டுக்கான 'ஆர்ஆர்' ஃபார்மேட் 62ஐ 1962 என்று எடுக்கும். போஸ்ட்கிரெஸில் ஆர்ஆர் கிடையாது; 'ஒய்ஒய்' போட்டால் 70க்குக் கீழே எல்லாம் 2000களுக்குப் போய்விடும், பிறந்த ஆண்டு 2062 ஆகும். ஏற்றி முடித்ததும் இரண்டு பக்கமும் மின், மேக்ஸ் (மிகப் பழைய, மிகப் புதிய தேதி) பாருங்கள், நேரம் 00:00:00 உள்ள வரிகளை எண்ணுங்கள். எண்ணிக்கை ஒத்துப்போகாத ஃபீல்டில் இன்னும் ஒரு 'டூ_டேட்' ஒளிந்திருக்கும்.