மறு: கலைச்சொல் வேணும்: துணைவாங்கியா, இணைவாங்கியா?

உயிரியல் ஆசிரியர், கொக்குவில்:
வணக்கம். உயர்தர வகுப்புக் குறிப்பு திங்கள் அச்சுக்குப் போகுது, ஒரு சொல்லில நிக்கிறன். கிராம் மறை பற்றீரியாவின்ர வெளிச்சவ்வில இருக்கிற எல்.பி.எஸ். எண்ட கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த மூலக்கூறை, தின்குழியத்தில (கிருமியைத் தின்னுற கலம்) இருக்கிற ரீ.எல்.ஆர். 4 எண்ட வாங்கி (receptor) தனிய நிண்டு பிடிக்கிறேல்லை. சீ.டி. 14 எண்ட புரதம் அதை எடுத்து எம்.டி. 2 எண்ட இன்னொரு புரதத்திட்டக் குடுக்கும், எம்.டி. 2 ரீ.எல்.ஆர். 4ஓட ஒட்டினபடி இருக்கும், அப்பிடி ரெண்டு சோடி சேர்ந்தாத்தான் கலத்துக்குள்ள செய்தி போகும். சீ.டி. 14க்கு துணைவாங்கி எண்டு எழுதியிருக்கிறன், சரியோ?

சென்னையிலிருந்து:
சார், இங்க வாங்கிக்கு ஏற்பின்னுதான் புழக்கம். "துணைவாங்கி செயல்படும்"னு எழுதினா, துணையை வாங்கிட்டு செயல்படும்னு வினையெச்சமா படிச்சிடுவாங்க. துணையேற்பின்னு போடுங்களேன்.

பண்டிதர், மானிப்பாய்:
தம்பி சொல்லுற வினையெச்சக் குழப்பம் உண்மைதான், எண்டாலும் வாங்கியை விடேலாது. வாங்குதல் எண்டா வளைதலும்தான், வில்லை வாங்கினான் எண்டு படிச்சிருக்கிறம், வாங்கரிவாள் எண்டுறதும் அதுதான், ரீ.எல்.ஆரின்ர வெளிப்பாகமும் லாடம் போல வளைஞ்சுதானே கிடக்கு, இதைவிடப் பொருத்தம் ஏது? நான் சொல்லுறது கூடுவாங்கி. வினைத்தொகை, மூண்டு காலமும் அதுக்குள்ள இருக்கு. எங்கட ஊரில தமிழில மருத்துவம் படிப்பிச்ச கிறீன் வைத்தியர் 1852இல உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம் எண்டு வடமொழியில போனார், இப்ப நாங்கள் தமிழிலயே ஆக்கலாம்.

ஆய்வுகூடத்தில இருந்து, திருநெல்வேலி:
ஐயா குறை நினைக்கக்கூடாது, கூடுவாங்கி எண்டா பெடியள் குருவிக்கூட்டைத்தான் நினைப்பினம். மாஸ்டர், இதில உறவு ரெண்டு விதம், ஒரு சொல்லுக்குள்ள அடைக்காதேங்கோ. ரீ.எல்.ஆர். 2 எண்ட வாங்கி ரீ.எல்.ஆர். 1ஓட சேர்ந்தா மூண்டு கொழுப்புச் சங்கிலி உள்ள லிப்போபுரதத்தைப் பிடிக்கும், ரீ.எல்.ஆர். 6ஓட சேர்ந்தா ரெண்டு சங்கிலி உள்ளதை. அங்க ரெண்டுபேரும் சமன், அது இணைவாங்கி. சீ.டி. 14க்கு கலத்துக்குள்ள நீளுற பகுதியே இல்லை, தானாச் செய்தி அனுப்பேலாது, ஆனா அது இல்லாட்டி கொஞ்ச எல்.பி.எஸ்ஸுக்கு ரீ.எல்.ஆர். 4 அசையாது. துணைவினை எண்டுறமே, அந்தத் துணை.

உயிரியல் ஆசிரியர்:
அக்கா சொன்னபடி ரெண்டையும் போடுறன். எங்கட பாடநூலில வாங்கி எண்டு இருக்கேக்க, சோதனைக்குப் போற பிள்ளையளுக்கு ஏற்பி எண்டு படிப்பிக்கேலாது.

சென்னையிலிருந்து:
சரி சார், ஆனா எம்.டி. 2? எல்.பி.எஸ்ஸை நேரா பிடிக்கிறதே பெரும்பாலும் அதுதான். பிடிக்கிறவனுக்கு வாங்கிங்கிற பேரே இல்லயே.

பண்டிதர்:
அதுக்குத்தான் கூடுவாங்கி எண்டனான்.