ஜூன் லீவு ஸ்லைம்: வெண்காரம் போடலாமா, கூடாதா?

செங்காங் அம்மா:
சனிக்கிழமை பிள்ளைகளோடு ஸ்லைம் (கையில் பிசைந்து விளையாடும் கொழகொழக் களி) செய்வதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். மகள் தொடக்கநிலை 2, மகன் நாலு வயசு. வெள்ளைப் பசையும் போராக்ஸும் (வெண்காரம்) போதும் என்று படித்தேன். எங்கள் புளோக் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "போராக்ஸ் விஷம், கான்டாக்ட் லென்ஸ் கரைசல் ஊற்றுங்கள், அதில் போராக்ஸ் கிடையாது" என்கிறார். நாத்தனாரோ, "கடையில் ரெடிமேடா வாங்கிக் கொடு, வேலை மிச்சம்" என்கிறாள். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

லேப்கோட்:
//அதில் போராக்ஸ் கிடையாது//
பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் படிக்கச் சொல்லுங்கள். போரிக் அமிலம், சோடியம் போரேட் (போராக்ஸ்தான்) என்று எழுதியிருந்தால்தான் அதில் ஸ்லைம் வரும். அது இல்லாத கரைசலை லிட்டர் கணக்கில் ஊற்றினாலும் பசை பசையாகவே கிடக்கும். கூடவே சமையல் சோடா போடச் சொல்கிறார்களே, அது காரத்தன்மையை ஏற்றி போரிக் அமிலத்தைப் போரேட்டாக மாற்றத்தான். அளவு குறைவு, ஆனால் ஆள் அதே ஆள்தான்.

பசையில் பாலிவினைல் ஆல்கஹாலின் நீள நீளமான சங்கிலிகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு கிடக்கும். போரேட் இரண்டு சங்கிலிகளைச் சேர்த்து முடிச்சுப் போடும். அந்த முடிச்சு நிலையில்லாதது. அவிழும், வேறிடத்தில் விழும். மெதுவாக இழுத்தால் முடிச்சு மாறிக்கொள்ள நேரம் கிடைக்கிறது, நீள்கிறது. வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடுகிறது. மகளிடம் இரண்டையும் செய்து காட்டுங்கள். தொடக்கநிலை 3-இல்தான் அறிவியல் பாடம் ஆரம்பம், அவள் ஒரு வருஷம் முன்னாடியே ஆரம்பிக்கட்டும்.

என் வோட்டு: போராக்ஸ் போட்டே செய்யலாம். தூளைப் பெரியவர் கரைக்கணும், விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவணும். அவ்வளவுதான்.

பாலர்பள்ளி அக்கா:
"அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். கணக்கைப் போடுவோம் தம்பி.

ஒட்டும், கொழகொழக்கும் விளையாட்டுப் பொருளிலிருந்து வெளியேறக்கூடிய போரான் (போராக்ஸில் உள்ள தனிமம்) கிலோவுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பிய விதி. இணையத்தில் சுற்றும் செய்முறை என்ன? ஒரு கப் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் போராக்ஸ், சுமார் 4 கிராம். அதில் பாதியை அரைக் கப் பசை, அரைக் கப் தண்ணீரோடு சேர்க்கிறோம். 2 கிராம் போராக்ஸில் 11 சதவீதம் போரான், அதாவது 220 மில்லிகிராமுக்கு மேல். ஸ்லைம் மொத்தம் 360 கிராம். கிலோவுக்கு 600-ஐத் தாண்டுகிறது. கடையில் விற்றால் திரும்பப் பெறச் சொல்லும் அளவு, வீட்டில் செய்தால் அறிவியலா?

நாத்தனாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: 2018-இல் பிரிட்டனின் 'விச்?' நுகர்வோர் அமைப்பு 11 ஸ்லைம்களை வாங்கிச் சோதித்ததில் 8 அந்த வரம்பைத் தாண்டின. ரெடிமேட் என்றால் பத்திரம் என்று அர்த்தமில்லை.

ஈசூன் தாத்தா:
என்னம்மா இது, போராக்ஸ் போராக்ஸ் என்று பயமுறுத்துகிறீர்கள். நம்ம வெண்காரம்தானே! சிராங்கூன் ரோட்டில் பத்தர் நகை பற்ற வைக்கும்போது தடவுவாரே, அதுதான். குங்குமம் செய்வதற்கும் மஞ்சளோடு சேர்ப்பார்கள். எங்க பாட்டி பிள்ளைக்கு வாய்ப்புண் வந்தால் வெண்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்துத் தடவுவார். எத்தனை பிள்ளை வளர்ந்தது அதில்.

ராத்திரி ஷிஃப்ட்:
தாத்தா, மரியாதையோடு ஒன்று. தேனும் வெண்காரமும் கலந்து சூப்பானில் தடவும் பழக்கம் பிரிட்டனிலும் இருந்தது. அந்தக் கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததை 1983-இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். நிறுத்தியதும் வலிப்பும் நின்றது. இங்கே சிங்கப்பூரில் போரிக் அமிலத்தை உணவில் சேர்க்கவே அனுமதியில்லை. வாய்க்குள் வேண்டாம். ஸ்லைம் வேறு விஷயம், அதில் நான் தலையிடவில்லை.

தலையிட வேண்டியது தோல் விஷயத்தில். எக்ஸிமா (தோல் வறண்டு அரிக்கும் நோய்) உள்ள பிள்ளைகள் இங்கே ஏராளம். ஸ்லைம் பிசைந்து கை சிவந்து உரிந்தால் எல்லோரும் போராக்ஸைத்தான் திட்டுகிறார்கள். பல நேரம் காரணம் பசையில் கெட்டுப்போகாமலிருக்கப் போடும் மெத்தில்ஐசோதயாசோலினோன், இல்லாவிட்டால் போராக்ஸுக்குப் பதில் ஊற்றிய துணி சோப்புத் திரவம். "போராக்ஸ் இல்லாத ஸ்லைம்" என்று சோப்புத் திரவம் ஊற்றும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

லேப்கோட்:
அக்கா, உங்கள் கணக்கு சரி. அந்த 300 எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லணும். பிள்ளை தினமும் 0.4 கிராம் ஸ்லைமை விழுங்கும் என்று வைத்துப் போட்ட வரம்பு அது. தினமும்! உங்கள் 600-லேயே 0.4 கிராம் விழுங்கினால் கால் மில்லிகிராம் போரான். பெரியவர்கள் சாதாரணச் சாப்பாட்டிலேயே ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிகிராம் எடுத்துக்கொள்கிறார்கள். உலர்திராட்சையில் இருக்கிறது, கடலையில் இருக்கிறது. ஜூன் லீவில் ஒரு சனிக்கிழமைக்கா இவ்வளவு பதற்றம்?

பாலர்பள்ளி அக்கா:
//பெரியவர்கள் சாதாரணச் சாப்பாட்டிலேயே//
நாலு வயசுக்காரன் எடைக்கு அது எவ்வளவு என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். 2016-இல் கனடா சுகாதாரத் துறை போரிக் அமிலம் சேர்த்த வீட்டுக் கைவினைச் செய்முறைகளைத் தவிர்க்கச் சொன்னது. காரணம் நீங்கள் இப்போது சொன்னதேதான்: சாப்பாட்டிலும் தண்ணீரிலும் ஏற்கெனவே வருகிறது, அதற்கு மேல் ஏன்? ஒரே தகவலை வைத்து நீங்கள் "பரவாயில்லை" என்கிறீர்கள், அவர்கள் "வேண்டாம்" என்கிறார்கள்.

இன்னொன்று. 0.4 கிராம் என்பது காகிதத்தில். என் வகுப்பில் களிமண்ணைக் கடித்துப் பார்க்காத நாலு வயசுக்காரனை நான் கண்டதில்லை. மின்னுகிற, பச்சைக் கலர், ஸ்ட்ராபெரி வாசனை போட்ட ஒன்றை அவன் கையில் கொடுத்துவிட்டு வாயில் வைக்காதே என்றால் யார் கேட்பார்?

லேப்கோட்:
வாசனை எசென்ஸ் போடக்கூடாது, அதை ஒத்துக்கொள்கிறேன். மற்றதில்லை.

ஈசூன் தாத்தா:
சரி, யார் சொல்வது மெய் என்று ஒரு சோதனை. எந்தக் கரைசலையும் மஞ்சள்தூளில் ஒரு சொட்டு விடுங்கள். சிவந்தால் வெண்காரம்.

லேப்கோட்:
தாத்தா, ஆலத்தித் தண்ணீர் ஏன் சிவக்கிறது? அதில் வெண்காரமா இருக்கிறது? சுண்ணாம்பு. காரம் எதுவானாலும் மஞ்சள் சிவக்கும், சமையல் சோடாவுக்கும் நிறம் மாறும். போரேட்டைத் தனியாகக் கண்டுபிடிக்க முதலில் அமிலம் சேர்க்கணும், காய்ந்தபின்னும் சிவப்பு நிற்கிறதா என்று பார்க்கணும். அது சாப்பாட்டு மேசையில் செய்கிற வேலை இல்லை. பிள்ளைகளுக்கு நிறம் மாறுவதைக் காட்ட மட்டும் உங்கள் சோதனை நன்றாக இருக்கும்.

நாலாம் மாடி:
போரான் சண்டை முடிந்ததும் பாத்திரம் கழுவும் சிங்க்கைப் பற்றியும் யாராவது பேசுங்கள். ஸ்லைமையும் சரி, சிலர் அதற்குப் பதில் செய்யும் சோளமாவுக் கரைசலையும் சரி, சிங்கில் ஊற்றாதீர்கள். மாவு குழாய் வளைவில் படிந்து இறுகும், பிளம்பர் வந்தால்தான் விடியும். காயவிட்டு, பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். சோபாவில் ஒட்டியதை வினிகர் கழற்றிவிடும்.

லேப்கோட்:
அமிலம் பட்டால் போரேட் முடிச்சு அவிழ்கிறது, அதனால்.

ஈசூன் தாத்தா:
இழுத்தால் நீளும், உருட்டிப் போட்டால் பந்து மாதிரி குதிக்கும், முட்டை டப்பாவில் வரும் ஒரு களி இருந்ததே. அதுவும் இதேதானா?

லேப்கோட்:
அது 'சில்லி பட்டி' (Silly Putty). அதன் கதை உங்களுக்குப் பிடிக்கும். 1942-இல் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பான்காரன் கைக்குப் போனதும் அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து நின்றது. செயற்கை ரப்பர் தேடி எல்லாரும் ஓடினார்கள். 1943-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் ரைட் சிலிக்கோன் எண்ணெயில் போரிக் அமிலத்தைக் கலந்தபோது குதிக்கிற, நீள்கிற ஒரு களி கிடைத்தது. அதே கண்டுபிடிப்புக்கு டவ் கார்னிங் ஆட்களும் உரிமை கொண்டாடினார்கள். டயருக்கு உதவாத பண்டம். 1950-இல் பிளாஸ்டிக் முட்டைக்குள் வைத்து விளையாட்டுப் பொருளாக விற்றார்கள். 1968-இல் அப்போலோ 8 விண்வெளி வீரர்கள் கருவிகள் மிதந்து போகாமல் ஒட்டி வைக்க எடுத்துப் போனார்கள்.

ஈசூன் தாத்தா:
எங்க அப்பா ஜொகூரில் பால் மரம் வெட்டியவர். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்தில் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை, மரவள்ளிதான். அந்தப் பக்கம் ரப்பர் இல்லையென்று இப்படி ஒரு களியைக் கண்டுபிடித்தானா! இன்றைக்குப் பேரனிடம் சொல்ல ஒன்று கிடைத்தது.

பாலர்பள்ளி அக்கா:
தாத்தாவுக்கு இன்னொன்று. 1976-இல் மேட்டல் நிறுவனம் பச்சை டப்பாவில் விற்ற முதல் ஸ்லைமில் பசையே இல்லை. குவார் கோந்து, அதாவது நம்ம கொத்தவரை விதையிலிருந்து எடுப்பது. (அதிலும் போராக்ஸ் உண்டு, லேப்கோட் குதிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.)

செங்காங் அம்மாவுக்கு என் யோசனை: தேக்கா சந்தையிலோ முஸ்தபா கடையிலோ இசப்கோல் தூள் (மலச்சிக்கலுக்குத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பது) வாங்குங்கள். ஒரு கப் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன், பெரிய கிண்ணத்தில் கலக்கி மைக்ரோவேவில் வையுங்கள். பொங்கும்போது நிறுத்தி, அடங்கியதும் மறுபடி. நாலைந்து தடவை பொங்கினால் திரண்டு வரும். முழுக்க ஆறின பிறகுதான் பிள்ளை கை படணும், உள்ளே சூடு நின்றுகொண்டே இருக்கும். உலர் தூளை வாயில் போட விடாதீர்கள், தொண்டையில் அடைக்கும்.

செங்காங் அம்மா:
அப்படியானால் மகளுக்குப் போராக்ஸ், மகனுக்கு இசப்கோல் என்று பிரித்துவிடலாமா?

பாலர்பள்ளி அக்கா:
ஒரே மேசையிலா? அக்கா கையில் இருப்பதைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதோடு சும்மா இருப்பானா?

லேப்கோட்:
சின்னவன் மத்தியானம் தூங்கும்போது பெரியவளுக்குச் செய்து கொடுங்கள்.

செங்காங் அம்மா:
அவன் மத்தியானத் தூக்கத்தை விட்டு ரொம்ப நாளாச்சு, அண்ணே. சனிக்கிழமை இசப்கோல் ரெண்டு பேருக்கும். அடுத்த வாரம் அவன் அப்பாவோடு நீச்சலுக்குப் போகும் நேரத்தில் மகளும் நானும் போராக்ஸ், கையுறை போட்டு.

பாலர்பள்ளி அக்கா:
இரண்டாவது பாதி எனக்குச் சம்மதமில்லை. உங்கள் பிள்ளை, உங்கள் முடிவு.

லேப்கோட்:
செய்து முடித்ததும் மீதிக் கரைசலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பார்த்தால் தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. அரைக் கப்புக்கு மட்டும் கலக்கி, மிச்சத்தை அன்றைக்கே கொட்டிவிடுங்கள்.

நாலாம் மாடி:
போராக்ஸ் கரைசலைச் சிங்கில் ஊற்றலாம். ஸ்லைமைத்தான் ஊற்றக்கூடாது.