பிறந்தநாளுக்குக் கித்துல்கல: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

வதனி: அனைவருக்கும் வணக்கம். ஜூன் மாதத்தில் எனக்கும் சுதனுக்கும் ஒரே கிழமையில் பிறந்தநாள் வருவது உங்களுக்குத் தெரியும். இந்த முறை மண்டபம் எடுக்காமல், நாங்கள் இருவரும் கித்துல்கலவுக்குப் போய்க் களனி கங்கையில் ராஃப்டிங், அதாவது வேகநீரில் காற்றடைத்த படகுப் பயணம், செய்ய விரும்புகிறோம். உங்களுக்குச் சொல்லாமல் போக எங்களுக்கு மனமில்லை.

அம்மா: மகள், உன் ஆசைக்குக் குறுக்கே நிற்க எனக்கும் விருப்பமில்லை. ஆனால் 2004 டிசெம்பர் 26ஆம் திகதி நாவலடியில் எங்கள் உறவுகளைக் கடல் கொண்டுபோன பிறகு, வேகமாக வரும் தண்ணீரை என்னால் அமைதியாக நினைத்துப் பார்க்கவே முடிவதில்லை. உனக்கு நீந்தவும் தெரியாதே.

சுதன்: மாமி, நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் பணம் கட்டுவதற்கு முன்பு இங்கே கேட்கிறோம். அட்டனில் வேலை செய்யும் மச்சான் அந்த ஆற்றில் இறங்கியவர், அவர் சொல்வதைக் கேட்டு முடிவெடுப்போம்.

கல்லடி மாமா: நான் முதலில் மாதத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஜூனில் இங்கே மட்டக்களப்பில் கச்சான் காற்று வீசும், மண் வெடிக்கும், வாவி அடங்கிக் கிடக்கும். அதே தென்மேல் காற்றுத்தான் மலையின் மேற்குச் சரிவில் ஏறும்போது தன் ஈரத்தையெல்லாம் மழையாகக் கொட்டிவிட்டு, வெறும் வெப்பக் காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. கித்துல்கல அந்த மேற்குச் சரிவிலே இருக்கிறது. ஆகவே இங்கே வானம் வெளித்திருப்பதைப் பார்த்து அங்கே ஆறு எப்படி இருக்கும் என்று யாரும் கணிக்கக் கூடாது. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்ததும் கித்துல்கல இருக்கும் அதே கேகாலை மாவட்டத்தில்தான்.

அண்ணா (அட்டன்): மாமா சொல்வது முழுவதும் சரி. அதோடு இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கித்துல்கலவுக்கு மேலே காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களும், லக்சபான மின்நிலையங்களும், அவற்றுக்குக் கீழே 35 மெகாவோற் பிரோட்லண்ட்ஸ் நீர்மின் திட்டமும் இருக்கின்றன. மழையே இல்லாத நாளிலும் மேலே எவ்வளவு நீரை விடுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஆற்றின் மட்டம் ஏறி இறங்கும். அந்த நேரங்களை நன்றாக அறிந்தவர்கள் அங்கேயே தொழில் செய்யும் வழிகாட்டிகள். ஆகவே இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு பெற்ற இடத்தில் மட்டும் பதியுங்கள், விலை குறைவு என்பதற்காக வேறு எங்கும் போக வேண்டாம்.

அம்மா: படகு கவிழ்ந்தால் என்ன செய்வது என்பதை எனக்கு விளங்கும்படி சொல், மகன்.

அண்ணா (அட்டன்): சொல்கிறேன் அம்மா. ஆற்றின் வேகநீரை உலக அளவில் 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். வழமையான நீர்மட்டத்தில் கித்துல்கலவில் படகு போகும் பகுதி பெரும்பாலும் 2, 3 என்ற தரங்களுக்குள் அடங்கும். எல்லோரும் மிதவை அங்கியும் தலைக்கவசமும் அணிந்துதான் ஏற வேண்டும். கடலில் அலை நம்மை நோக்கி ஓடி வரும். ஆற்றிலோ நீர்தான் ஓடும், பாறையின் பின்னால் எழும் அலை அதே இடத்தில் நிற்கும். அதனால் வழிகாட்டி அடுத்த அலை எங்கே இருக்கிறது என்பதை முன்கூட்டியே அறிந்து, முன்னோக்கி வலியுங்கள், நிறுத்துங்கள், உள்ளே குனியுங்கள் என்று சொல்லிக்கொண்டே வருவார். அவர் சொன்ன அந்த நொடியில் எல்லோரும் ஒன்றாகத் துடுப்பு வலித்தால் படகு நேராகப் போகும்.

தண்ணீரில் விழுந்தவர் செய்யக் கூடாத முதற் காரியம், ஓடும் நீரில் எழுந்து நிற்க முயல்வது. இடுப்பளவு நீர்தானே என்று காலை ஊன்றினால், பாறை இடுக்கில் பாதம் சிக்கிக்கொள்ளும், பின்னால் வரும் நீர் ஆளை முன்னோக்கிச் சாய்த்து அமுக்கிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் நீர் போகும் திசையில் நீட்டி, கால்விரல் நுனிகள் நீருக்கு மேலே தெரியும்படி வைத்துக்கொண்டு மிதக்க வேண்டும். பாறை வந்தால் கால் முதலில் படும், தலை படாது. கயிறு எறிவார்கள், கயிற்றை நெஞ்சோடு பிடிக்க வேண்டும், கையில் சுற்றவே கூடாது.

வதனி: அண்ணா, இதை நான் முன்பே பழகிப் பார்க்க முடியுமா? தண்ணீரில் விழுந்த பிறகு யோசித்துச் செய்ய எனக்கு வராது.

கல்லடி மாமா: பாசிக்குடாவுக்குப் போவோம், மருமகள். இந்த மாதங்களில் அங்கே கடல் குளம்போல் கிடக்கும், வெகுதூரம் நடந்தாலும் ஆழம் வராது. மிதவை அங்கியை என் படகிலிருந்து எடுத்து வருகிறேன். அங்கி உன்னைத் தாங்கும் என்பதை உன் உடம்பு அறிந்தால் பதற்றம் பாதியாகக் குறைந்துவிடும். அக்காவும் வந்து கரையில் இருந்து பார்க்கட்டும்.

ஆரையம்பதி சின்னம்மா: தாதியாக நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆற்று நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். வேளாண்மை செய்பவர்களுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கொடுக்கும் தடுப்பு மாத்திரை உங்களுக்கும் தேவையா என்று சுகாதார வைத்திய அதிகாரியிடம் கேளுங்கள். காலில் காயம் இருந்தால் இறங்க வேண்டாம். திரும்பி வந்த பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால், பனடோலைக் குடித்துவிட்டு வீட்டில் படுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், ஆற்றில் இறங்கியதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். சுதன் தம்பி கண்ணாடியைக் கயிற்றால் கட்டிக்கொள்ளுங்கள்.

அம்மா: எல்லாவற்றையும் வாசித்தேன். பாசிக்குடாவுக்கு நான் வருகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன்: பிறந்தநாள் வந்துவிட்டது, பணமும் கட்டிவிட்டோம் என்ற காரணத்துக்காக மட்டும் ஆற்றில் இறங்க மாட்டோம் என்று இருவரும் எனக்கு உறுதி தர வேண்டும்.

சுதன்: உறுதி தருகிறோம், மாமி. சனிக்கிழமைக்குப் பதிந்து, ஞாயிறையும் கையிருப்பாக வைத்துக்கொள்வோம். நீர்மட்டம் கூடினால் பணத்தைத் திருப்பித் தருவார்களா, நாளை மாற்றித் தருவார்களா என்பதைப் பதியும்போதே எழுத்தில் கேட்டு வாங்குவேன். இரண்டு நாளும் சரிவராவிட்டால் அட்டனில் மச்சான் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். ஜனவரிக்குப் பிறகு அங்கே மழை குறைந்து ஆறு தணிந்திருக்கும்போது மீண்டும் போகலாம்.

அண்ணா (அட்டன்): வெள்ளிக்கிழமை செங்கலடி, பதுளை, நுவரெலியா வழியாகப் பகலிலேயே வந்து சேருங்கள், மழைக் காலத்தில் அந்த வீதியில் இரவில் ஓட வேண்டாம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை முதல் நாள் இரவு நான் பார்த்துக்கொள்வேன். காலையில் உங்களுக்கு முன்னதாக நான் கினிகத்தேனையால் இறங்கிப் போய் ஆற்றைப் பார்ப்பேன். நீர் செம்மண் நிறமாகி, வழமையாகத் தெரியும் பாறைகள் மூடியிருந்தால், வழிகாட்டி சம்மதித்தாலும் நான் உங்களை ஏற விடமாட்டேன்.

வதனி: சம்மதம், அண்ணா. அம்மா, படகு கரை சேர்ந்ததும், உடுப்பு மாற்றுவதற்கு முன்பே, அண்ணாவின் தொலைபேசியில் உங்களுக்கு அழைப்பேன்.

அம்மா: அழைப்பு வரும்வரை நான் சாப்பிடாமல் இருப்பேன் என்பதை நினைவில் வைத்துக்கொள். மாமா, பாசிக்குடாவுக்கு எந்த ஞாயிறு போவோம் என்று சொல்லுங்கள், நான் சாப்பாடு கட்டி எடுத்து வருகிறேன்.

கல்லடி மாமா: வருகிற ஞாயிறே போவோம். விடியப் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் பழகி முடிக்கலாம்.