ஊதவே மாட்டேங்குது, மாமா

குழு: நம்ம குடும்பம்
ஞாயிறு

காலை 6:34

அண்ணா டல்லாஸ்: மாமா முழிச்சிட்டீங்களா? இங்க ஏசி படுத்துருச்சு. வீட்டுக்குள்ள 91

அம்மா: 91ஆ???

அண்ணா டல்லாஸ்: ஃபாரன்ஹீட்மா. நம்ம கணக்குல 33

அம்மா: அதுவே ஜாஸ்திதான். குழந்தைக்கு மேலுக்கு ஊத்தி விடுங்க

சித்தப்பா: 🌻 (படம்) இனிய காலை வணக்கம்

சித்தப்பா: கேஸ் இறங்கியிருக்கும்பா. போன வருஷம் எங்களுக்கும் இதேதான்

மாமா திருச்சி: கேஸ் இறங்கினா குளிர்தான் குறையும் மச்சான், காத்து நிக்காது. மாப்ள, காத்து வருதா?

அண்ணா டல்லாஸ்: துளி கூட இல்ல. செவுத்துல இருக்கற கன்ட்ரோல், அந்தத் தெர்மோஸ்டாட்ல ‘கூல்’னு காட்டுது, க்ளிக்னு சத்தமும் கேக்குது. ஆனா உள்ள புளோயர், வெளி யூனிட் ரெண்டுமே ஓடல. பிரேக்கர் விழல. ஏசி தண்ணி வடியற டிரெயின் தட்டுலயும் தண்ணி நிக்கல

அண்ணி: பேட்டரி மாத்திப் பாத்தாச்சு மாமா. இவரு அதுக்குள்ள புது தெர்மோஸ்டாட் ஆர்டரும் போட்டாச்சு 🙄

மாமா திருச்சி: ரெண்டும் ஒண்ணா நின்னா, ரெண்டுக்கும் பொதுவான இடத்துலதான் கோளாறு. தெர்மோஸ்டாட்டக் கழட்டி ஒயர போட்டோ எடு

அண்ணா டல்லாஸ்: (படம்)

மாமா திருச்சி: சிவப்பு பேஸா? பச்சை எர்த்தா?

அண்ணா டல்லாஸ்: இங்க அந்தக் கணக்கு இல்ல மாமா. எல்லாமே 24 வோல்ட். சிவப்பு ‘ஆர்’, அதுலதான் சப்ளை. பச்சை ‘ஜி’ புளோயருக்கு. மஞ்சள் ‘ஒய்’ வெளி யூனிட்டுக்கு. வெள்ளை ஹீட்டருக்கு. நீலம் ‘சி’, ரிட்டர்ன். இது பேட்டரில ஓடறதால நீலத்த சுருட்டி விட்டிருக்காங்க

மாமா திருச்சி: அப்போ அது வெறும் சுவிட்சு. கலர நம்பாத, எந்த எழுத்துல மாட்டியிருக்குன்னு பாரு. பிரேக்கர ஆஃப் பண்ணி, ஆரையும் ஜியையும் ஒரு துண்டு ஒயரால சேத்துட்டு ஆன் பண்ணு. புளோயர் ஓடினா தெர்மோஸ்டாட் போச்சு. ஓடலைன்னா அது மேல பழி போடாத

காலை 6:58

அண்ணா டல்லாஸ்: ஓடல

அண்ணி: முதல்ல அந்த ஆர்டர கேன்சல் பண்ணுங்க

மாமா திருச்சி: சப்ளையே வரல போல. மெஷின் எங்க இருக்கு?

அண்ணா டல்லாஸ்: அட்டிக்ல

அம்மா: அது எது?

நான்: கூரைக்கு அடியில, பரண் மாதிரிம்மா

அம்மா: இந்த வெக்கையில அங்கயா ஏறப் போற? தண்ணி குடிச்சுட்டு ஏறு

மாமா திருச்சி: அக்கா சொல்றதக் கேளு. பிரேக்கர் ஆஃப்ல இருக்கட்டும். மெஷினுக்குள்ள இருக்கற போர்டுல கார் ஃபியூஸ் மாதிரி ஒண்ணு இருக்கும், பிடுங்கிப் பாரு

அண்ணா டல்லாஸ்: (படம்) ஊதா கலர், 3 ஆம்ப். நடுக் கம்பி அத்துப்போய் கருகிக் கிடக்கு

சித்தப்பா: புதுசு போட்டா முடிஞ்சது 👍

மாமா திருச்சி: முடியாது மச்சான். ஃபியூஸ் சும்மா போகாது. காரணத்தப் பிடிக்காம போட்டா அடுத்ததும் போகும். பெரிய ஃபியூஸ் போட்டா டிரான்ஸ்பார்மரே போயிரும். மாப்ள, வெளி யூனிட்டுக்குப் போற ரெண்டு ஒயரையும் போர்டுல கழட்டி ஓம்ஸ் பாரு. வெளி யூனிட்ட ஆன் பண்ற சுவிட்சு, அந்தக் கான்டாக்டரோட காயில் பத்து, இருபது காட்டணும்

அண்ணா டல்லாஸ்: அந்தக் கேபிள்ல மஞ்சளே இல்ல மாமா, சிவப்பும் வெள்ளையும். சிவப்பு ‘ஒய்’ல, வெள்ளை ‘சி’ல மாட்டியிருக்கு

மாமா திருச்சி: அதான் சொன்னேன்

அண்ணா டல்லாஸ்: 0.4

மாமா திருச்சி: ஷார்ட். காயிலா கேபிளான்னு பிரிக்கணும். வெளிய யூனிட் பக்கத்துல கரண்ட்ட நிறுத்தற டிஸ்கனெக்ட் கட்டைய உருவிப் போடு, அது 240. கெப்பாசிட்டர் பக்கம் கையே போகக் கூடாது, கரண்ட் நின்ன பிறகும் அடிக்கும். காயில்ல இருந்து ரெண்டையும் கழட்டித் தனித்தனியா அள

காலை 7:41

அண்ணா டல்லாஸ்: காயில் 14. கேபிள் அப்பவும் 0.4

மாமா திருச்சி: காயில் பிழைச்சுது. டார்ச்ச அடிச்சுக் கேபிள விரலால தடவிக்கிட்டே போ

அண்ணா டல்லாஸ்: கிடைச்சிருச்சு!! (படம்) செவுத்த விட்டு வெளிய வர்ற இடம், புல்லுக்கு ஒரு சாண் மேல. புல் வெட்டறவரோட டிரிம்மர் கயிறு பட்டு உறை கிழிஞ்சிருக்கு. சிவப்பும் வெள்ளையும் செம்பு தெரிய ஒட்டிக்கிட்டு நிக்குது

நான்: பாக்க எலி கடிச்ச மாதிரியே இருக்கு

மாமா திருச்சி: ரெண்டையும் பிரிச்சுத் தனித்தனியா டேப் சுத்து. திரும்ப அள. ரெண்டுக்கும் நடுவுல தொடர்பே இல்லன்னு மீட்டர் காட்டணும். அப்புறம்தான் பழையபடி மாட்டணும்

அண்ணி: கார்ல ஸ்பேர் ஃபியூஸ் 10, 15 தான் இருக்கு. வேண்டாம்ல?

மாமா திருச்சி: தொடவே தொடாதம்மா

அண்ணா டல்லாஸ்: இங்க கார் பார்ட்ஸ் கடை ராத்திரி 10 மணி வரைக்கும் உண்டு, ஓடறேன்

காலை 8:36

அண்ணா டல்லாஸ்: புளோயர் ஊதுது!! ஆனா வெளி யூனிட் இன்னும் நிக்குது

மாமா திருச்சி: அஞ்சு நிமிஷம் பொறு. தெர்மோஸ்டாட் கம்ப்ரசர உடனே எழுப்ப விடாது

அண்ணா டல்லாஸ்: ஓடிருச்சு மாமா 🙏🙏 சில்லுனு வருது

அம்மா: முதல்ல குழந்தையத் தூங்க வைங்க

மாமா திருச்சி: டேப்ப நம்பி விட்றாத. கேபிள மாத்தி, தரையோரம் வர்ற இடத்துல பைப்புக்குள்ள விடு. ஊதா ஃபியூஸ் ரெண்டு கையில வச்சுக்க

அண்ணி: ஆர்டர் கேன்சல் ஆகல. ஷிப் ஆயிருச்சாம் 😐

சித்தப்பா: வீணாக்காதீங்க, ஊருக்கு வர்றப்ப கொண்டாங்க. எங்க ஹால்ல மாட்டிக்கறேன்

மாமா திருச்சி: உங்களுது ஸ்பிளிட் ஏசி மச்சான். செவுத்துல அழகாத்தான் இருக்கும், வேலை செய்யாது