உதடு, அண்ணப் பிளவு உள்ள குழந்தை: பால் கொடுத்த அம்மாக்கள் யாராவது சொல்லுங்க

என் பொண்ணுக்கு இன்னிக்கு 52 நாள். மேல் உதட்டிலயும் அண்ணத்திலயும் பிளவு. மார்புல உறிஞ்ச முடியல. பாலைப் பீச்சி, நிமிர்த்தி வச்சு பாலாடையில புகட்டுறேன். அப்பவும் பாதி மூக்கு வழியா வந்துடுது. ஒரு வேளைக்கே முக்கால் மணி நேரம்.

10 வாரம் ஆகி, எடை நாலரை கிலோ, ஹீமோகுளோபின் 10 வந்தா உதட்டு ஆபரேஷன்னு டாக்டர் சொன்னார். அண்ணத்துக்கு 9 மாசத்துக்கு மேல. ஸ்மைல் டிரெயின்ங்கிற தொண்டு அமைப்போட உதவியில இலவசமா செய்யிற ஆஸ்பத்திரிதான், அதனால செலவு கவலை இல்ல. எடைதான் 3.4 கிலோவிலேயே நிக்குது.

(கிரகணத்துல வெளிய போனியான்னு கேக்குற மாமியாருக்குப் பதில் சொல்றதை விட்டுட்டேன்.)

அமுக்கினா பால் வர்ற, மெத்துன்னு இருக்கிற பாட்டில் யாராவது பயன்படுத்தினீங்களா? பாலாடையை விடப் பரவாயில்லையா? எடை ஏற டாக்டர் உங்களுக்கு என்ன சொன்னாங்க? ராத்திரி எத்தனை தடவை எழுப்பிக் கொடுத்தீங்க?