அம்மாவின் பழைய பார்பி: காதில் பச்சை போய்ப் போய்த் திரும்ப வருகிறது, காலெல்லாம் பிசுபிசுப்பு. வழி சொல்லுங்கள்

நாகை கொலுவீடு:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் தாய்மாமா சிங்கப்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். 1966-இல் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கியபோது எட்டு வயது அம்மாவுக்கு ஒரு பார்பி கொண்டுவந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கொலுவில் மூன்றாம் படியில், செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் அதன் இடம். அப்பா தவறிய பிறகு ஏழு வருடம் கொலு வைக்கவில்லை. இந்த வருடம் வைக்கலாம் என்று அம்மாவே வாய்விட்டுச் சொன்னார். அதனால்தான் பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன்.

பொம்மையைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, இரண்டு அந்துருண்டை போட்டு வைத்திருந்தோம். குட்டையான, உப்பலாக வாரிய பழுப்பு முடி. அது நன்றாகவே இருக்கிறது. ஆனால் வலது காதைச் சுற்றிக் கன்னம் வரை பச்சை. இடது காதில் முத்துக் கம்மல் இருக்கிறது, அதைச் சுற்றி மட்டும் லேசாகப் பச்சை வளையம். முழங்காலுக்குக் கீழே தொட்டால் விரல் ஒட்டுகிறது. பட்டுப்புடவைத் துண்டில் பாட்டி தைத்த அரக்கு ரவிக்கையின் சாயம் மார்பில் இறங்கியிருக்கிறது. உதட்டுச் சிவப்பு பாதி போய்விட்டது.

முகப்பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு 5% ஜெல் பச்சையை எடுக்கும் என்று படித்து, மூன்று நாள் தடவினேன். போயே போய்விட்டது! அம்மாவிடம் காட்டிச் சந்தோஷப்பட்டேன். சரியாக இரண்டு வாரத்தில் அதே இடத்தில் திரும்ப வந்துவிட்டது. மறுபடி தடவினேன், மறுபடி வந்தது. நவராத்திரிக்கு இன்னும் இரண்டரை மாதம்தான். என்ன தப்பு செய்கிறேன்?

தாம்பரம் தம்பி:

அக்கா, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்துத் துடைத்துப் பாருங்கள். என் பொம்மையில் பேனா மை அப்படித்தான் போனது.

ஊசியும் நூலும்:

வேண்டாம் வேண்டாம்! தயவுசெய்து அதைத் தொடாதே அம்மா. அதில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும். காதிலிருந்து ஒரு சொட்டு கண்ணுக்கு ஓடினால் மையும் புருவமும் நொடியில் வழிந்துவிடும். பழைய முகத்தைப் போல இன்னொன்றை யாரும் எழுதித் தர முடியாது. தம்பி சொன்னது நல்ல மனதோடுதான். முகத்தை முழுக்க அழித்துப் புதிதாக எழுத நினைக்கிறவர்கள் தலையைத் தனியாகக் கழற்றி அதைப் பயன்படுத்துவது உண்டு. ஆனால் உடலில் கெட்டிப் பிளாஸ்டிக் பாகம் இருந்தால் அது இளகிக் கெட்டுப்போகும். பேனா மைக்கும் இந்தப் பச்சைக்கும் சம்பந்தமே இல்லை. மை மேலே இருப்பது. பச்சை உள்ளே ஊறியது.

சிங்கை சேகரிப்பாளர்:

உங்கள் பொம்மை 'பபிள்கட்' வகை, அதாவது இப்படிக் குட்டையாக உப்பலாக வாரிய முடி உள்ள பார்பி. 1961-இல் வந்தது. இடுப்புக்குக் கீழே பின்பக்கம் சின்ன எழுத்தில் முத்திரை இருக்கும், பார்த்துச் சொல்லுங்கள்.

பச்சைக்கு வருகிறேன். உங்கள் ஜெல் வேலை செய்கிறது, முறையும் தப்பில்லை. அப்படியும் திரும்ப வருகிறது என்றால் ஊற்று இன்னும் உள்ளே இருக்கிறது. அந்தக் கம்மலின் ஊசியில் செம்பு கலந்த உலோகம் உண்டு. பொம்மையின் மென்மையான பிளாஸ்டிக்கை வினைல் என்பார்கள். அது வளைந்துகொடுக்க வேண்டும் என்று அதில் எண்ணெய் மாதிரி ஒரு பொருளைக் கலந்திருப்பார்கள். ஈரமும் வருடங்களும் சேரும்போது செம்பு அதோடு வினைபுரிந்து பச்சை உப்பாக மாறும். அந்த உப்பு எண்ணெயோடு சேர்ந்து மெல்ல மெல்லக் கன்னத்துக்குள் நகரும். நாகையில் கடற்காற்று வேறு.

வலது காதில் கம்மல் இல்லை என்கிறீர்கள். அது கழன்று விழுந்ததா, ஒடிந்து விழுந்ததா? காதுத் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். முத்து மட்டும் உதிர்ந்து ஊசி உள்ளேயே தங்கிவிடுவது அடிக்கடி நடப்பது.

நாகை கொலுவீடு:

அண்ணா, கை நடுங்கக் கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். துளை காலியாக இல்லை! கறுப்பாக ஒரு புள்ளி தெரிகிறது. தையல் ஊசி முனையால் தொட்டால் டக் என்று கெட்டியாக இருக்கிறது. இத்தனை நாளும் அதன் மேலேயே ஜெல்லைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முத்திரையில் மிட்ஜ் 1962, பார்பி 1958, மேட்டல் என்று இருக்கிறது. கடைசி வரியில் 'பேட்டன்டட்' (காப்புரிமை பெற்றது). பாதத்தில் ஜப்பான்.

சிங்கை சேகரிப்பாளர்:

அப்படியானால் 1964-இலோ அதற்குப் பிறகோ செய்தது. மிட்ஜ் என்பது 1963-இல் வந்த பார்பியின் தோழி. இருவருக்கும் ஒரே உடல் அச்சு, அதனால்தான் இரண்டு பெயரும் இருக்கின்றன. 'பேட்டன்டட்' என்ற சொல் இல்லாவிட்டால் 1963 என்று சொல்லியிருப்பேன். மாமா கப்பலேறிய வருடத்தோடு கச்சிதமாகப் பொருந்துகிறது.

தாம்பரம் தம்பி:

இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். பழைய சாமான் கடையில் 200 ரூபாய்க்கு எடுத்த என் பார்பியின் முதுகில் 1966 என்றும் இந்தியா என்றும் இருக்கிறது. அப்படியானால் என்னுடையதும் அக்காவுடையதும் ஒரே காலத்துப் பொம்மைகளா?

சிங்கை சேகரிப்பாளர்:

இல்லை தம்பி, இதில் பலரும் ஏமாறுகிறார்கள். 1967-இல் இடுப்புத் திரும்பும் பார்பி வந்தது. அந்த உடலின் பதிப்புரிமை வருடம்தான் 1966. அதே முத்திரை 90கள் வரை போய்க்கொண்டே இருந்தது. உன்னுடையது லியோ நிறுவனம் உரிமம் பெற்று இந்தியாவில் செய்ததாக இருக்கும். தூக்கிப் போட்டுவிடாதே, அந்தப் பொம்மைகளைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஊசியும் நூலும்:

ஊசியை எடுப்பதைப் பற்றி நான் சொல்கிறேன், ஏழெட்டுத் தலை கழற்றியிருக்கிறேன். வெளியிலிருந்து தோண்டாதே. துளை பெரிதாகிவிடும், பிறகு கம்மல் நிற்காது. தலையைக் கழற்றி உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும்.

அந்தக் காலத்து வினைல் கழுத்து விளிம்பில் கீறல் விடும், பயமே அதுதான். கொதிநீரில் முக்குவாயோ என்று முன்கூட்டியே சொல்கிறேன், முக்காதே. உப்பலாக வாரி நிறுத்திய முடி படிந்துவிடும், அது திரும்ப அப்படி நிற்காது. வெதுவெதுப்பைவிடக் கொஞ்சம் கூடுதல் சூட்டில் ஒரு துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, கழுத்தைச் சுற்றி இரண்டு நிமிடம் வை. ஆறினால் மாற்று. நாலைந்து தடவை செய்தால் வினைல் நம் காதுமடல் மாதிரி மெத்தென்று ஆகும். அப்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு விளிம்பை முதலில் தூக்கி, அப்புறம் சுற்றிக்கொண்டே வா. நேராக மேலே இழுக்கவே கூடாது. கெட்டியாகத் தெரிந்தால் நிறுத்திவிட்டு மறுபடி துணி. இடது காதின் கம்மலையும் அப்போதே எடுத்துவிடு. அங்கேயும் பச்சை தொடங்கிவிட்டது.

கால் பிசுபிசுப்புக்கு அந்தப் பிளாஸ்டிக் கவரும் அந்துருண்டையும் பெரிய காரணம். அந்துருண்டைப் புகை பிளாஸ்டிக்கை இளக்கும். கவரோ, வினைல் கக்குகிற எண்ணெயை வெளியே விடாமல் அதன் மேலேயே தேக்கி வைக்கும். பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டு சொட்டு விட்ட நீரில் துணியை நனைத்துத் துடை. இடுப்பு மூட்டுக்குள் நீர் இறங்க விடாதே. உலர்ந்ததும் சோளமாவை லேசாகத் தூவி, ஒரு நாள் விட்டுத் தட்டிவிடு. முழுக்க நின்றுவிடும் என்று சொல்ல மாட்டேன். வெயில் காலத்தில் திரும்ப வரும், மறுபடி துடைக்க வேண்டியதுதான்.

நாகை கொலுவீடு:

எடுத்துவிட்டேன்! ஒரு மணி நேரம் ஆனது. துணியை ஆறு முறை மாற்றினேன். கழுத்தில் கீறல் இல்லை. உள்ளிருந்து பின்னல் ஊசியின் மழுங்கிய முனையால் தள்ளியதும் அது அம்மா விரித்திருந்த வெள்ளைத் துணியில் விழுந்தது. அரிசி நொய் அளவுதான் இருக்கும், மேலெல்லாம் பச்சைப் பொடி பூத்திருந்தது. அம்மா அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி ஜெல் தடவலாமா? ரவிக்கைச் சாயத்துக்கும் அதையே போடலாமா?

சிங்கை சேகரிப்பாளர்:

தடவலாம், சாயத்துக்கும் கேட்கும். முதலில் துளையின் உள்பக்கத்தைச் சோப்பு நீரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, பச்சைப் பொடி முழுவதும் வந்துவிட்டதா என்று பாருங்கள். பிறகு ஜெல்லைப் பச்சைக்கு மேல் மட்டும் கனமாக வையுங்கள். ஜெல் சீக்கிரம் காய்ந்துவிடும், காய்ந்தால் வேலை நின்றுவிடும். உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் (கிளிங் ஃபிலிம்) ஒரு துண்டு கொண்டு மூடி ஓரத்தை அழுத்துங்கள். முடியில், கண்ணில், உதட்டில் படக்கூடாது. நல்ல துண்டு எதையும் பக்கத்தில் வைக்காதீர்கள், துணியையும் வெளுத்துவிடும். காலை இளவெயில் விழும் சன்னலோரம் போதும். உச்சிவெயிலில் வைத்தால் வினைல் இளகும்.

இதில் முக்கியமான ஒன்று, எங்கே நிறுத்துவது என்பது. பச்சை முழுவதும் போகும் வரை காத்திருக்காதீர்கள். பத்தில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே கழுவிவிடுங்கள். உள்ளே ஊறிய மருந்து கழுவிய பிறகும் சில நாள் வெளுத்துக்கொண்டே இருக்கும். நான் என் முதல் பொம்மையில் ஆசையில் கடைசிப் பொட்டு வரை போனேன். இன்று அதன் கன்னத்தில் ஒரு ரூபாய் அளவுக்கு வெள்ளைத் திட்டு. அதை மாற்ற வழியே இல்லை.

புதுவை வண்ணம்:

நான் பொம்மை முகம் மாற்றி எழுதுகிறவள். உதட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று வந்தேன்.

அக்ரிலிக் வண்ணத்தில் பவளச் சிவப்பை நீர் விட்டு மெல்லியதாகக் கரைத்து, பழைய வண்ணம் உதிர்ந்த இடத்தில் மட்டும் தொட்டு வையுங்கள். மேலே வார்னிஷ் ஸ்பிரே எதுவும் வேண்டாம். வார்னிஷ் இல்லாத அக்ரிலிக்கைப் பல்குத்தும் குச்சியால் உரித்துவிடலாம், அடியில் இருக்கும் 1960களின் வண்ணம் அப்படியே இருக்கும். நாளைக்கு அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாமே.

முழு முகமும் புதிதாக எழுதிப் பார்க்கும் ஆசை வந்தால், தனியாக ஒரு மலிவான பொம்மை வாங்கிக்கொள்ளுங்கள். நான் தலையைக் கழற்றி, அசிட்டோனில் முகத்தைத் துடைத்து, மேட் வார்னிஷ் அடித்து, கலர் பென்சிலாலும் சாக் தூளாலும் எழுதி, ஒவ்வொரு அடுக்குக்கும் வார்னிஷ் அடிப்பேன். புதுச்சேரியில் மழை நாளில் ஸ்பிரே அடித்து, முகமெல்லாம் பனி படர்ந்ததுபோல் வெளுத்துப்போனது உண்டு. காற்றில் ஈரம் இருந்தால் அப்படித்தான் ஆகும், உங்கள் ஊரும் கடலோரம்தானே. வறண்ட நாள் பார்த்து, வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் போட்டு அடிக்க வேண்டும்.

நாகை கொலுவீடு:

உதட்டை மட்டும் தொடுகிறேன். அம்மாவும் அதையேதான் சொல்கிறார். கம்மல் இல்லாமல் வைக்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. பழைய முத்து ஒன்றுதான் மிச்சம், அதன் ஊசியும் கறுத்துவிட்டது. வேறு உலோகம் போட எனக்குப் பயமாக இருக்கிறது.

ஊசியும் நூலும்:

நாகப்பட்டினத்தில் இருந்துகொண்டு இதற்கா யோசிக்கிறாய்? தூண்டில் நரம்பு வாங்கு. துளைக்குள் இறுக்கமாகப் போகும் தடிமனில் அரை அங்குலம் வெட்டி, நுனியில் ஒரு சின்ன முத்தைப் பசையால் ஒட்டு. நைலான் பச்சை பிடிக்காது. பழைய முத்தை ஒரு சின்ன டப்பாவில் தனியாக வை, பொம்மையோடு சேர்த்து வைக்காதே.

நாகை கொலுவீடு:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். வலது காதுக்கு ஒன்பது நாள் ஆனது. ஒன்பதாம் நாள் காதுமடலின் மடிப்பில் மட்டும் வெளிர்ப்பச்சைக் கோடு இருந்தது. அண்ணா சொன்னபடி மனதைக் கல்லாக்கிக்கொண்டு அங்கேயே நிறுத்தினேன். ஒரு வாரத்தில் அந்தக் கோடும் தானாகவே மங்கிவிட்டது. இருபத்தாறு நாள் ஆகிறது, பச்சை வரவில்லை. இடது காதுக்கு நான்கு நாளே போதுமாக இருந்தது. மார்புச் சாயம் முக்கால்வாசி போய்விட்டது, மிச்சத்தைப் புது ரவிக்கை மறைத்துவிடும். இந்த முறை உள்ளே வெள்ளை மல் துணியில் ஒரு சட்டை தைத்துப் போட்டிருக்கிறேன், சாயம் இறங்காது. கால் இன்னும் லேசாக ஒட்டுகிறது, வாரம் ஒருமுறை துடைக்கிறேன்.

உதட்டை அம்மாவே எழுதினார். கண்ணாடி போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டே இரண்டு தொடுகைதான். தூண்டில் நரம்புக் கம்மலும் அவர் செய்ததே.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். கொலு முடிந்ததும் எதில் சுற்றி வைப்பது? பரணில் வேண்டாம் என்று தெரிந்துகொண்டேன்.

ஊசியும் நூலும்:

நன்றாகத் துவைத்துக் கஞ்சி போடாத வெள்ளைப் பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, அட்டைப் பெட்டியில் போட்டு, அம்மா அறை அலமாரியின் கீழ்த்தட்டில் வை. அந்துருண்டை வேண்டாம். வேறு பிளாஸ்டிக் பொம்மையோடு ஒட்டிப் படுக்க வைக்காதே, வினைல் பட்ட இடத்தில் கெட்டிப் பிளாஸ்டிக் உருகிக் குழி விழும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து காதைப் பார். கொலுப் படத்தை மறக்காமல் போடு, மூன்றாம் படி தெரிகிற மாதிரி.